இறங்காத வம்சாவளி

ஸ்கார்பரோ, கனடா
9 செப்டம்பர் 2002

அண்ணாவுக்கு,

நீங்க, அண்ணி, பொன்மலர் எல்லாரும் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். பொன்மலருக்கு நிச்சயம் முடிஞ்ச சேதி உங்க கிட்ட இருந்து எனக்கு வரல. இங்க சர்ச்சுக்கு வர்ற வேலூர் நர்ஸ் ஒருத்தி, "உங்க அண்ணன் பொண்ணை உங்க அக்கா பையனுக்கே பேசிட்டாங்களாமே"ன்னு கேட்டா. முன்னமே தெரிஞ்ச மாதிரி தலையாட்டி வெச்சேன். கூடப் பிறந்தவளுக்கு ஊர்க்காரி சொல்லித் தெரியுது. சரி, அதை விடுங்க.

சண்டை போட நான் எழுதல. போன்ல பேசலாம்னா உங்க வீட்டு போன் ஹால்ல இருக்கு. போன தடவை நான் ஆரம்பிச்சதும் வெச்சுட்டீங்க. அதான் கடிதம்.

போன டிசம்பர்ல நான் ஊருக்கு வந்தப்ப ஆலங்காயம், வாணியம்பாடின்னு அலைஞ்சேனே, ஞாபகம் இருக்கா? நம்ம குடும்ப வம்சாவளிய சேக்கறதுக்குத்தான் அலைஞ்சேன். அப்பாவோட தாத்தா காலத்துல இருந்து யாருக்கு யார் பிறந்தாங்க, யார் யாரைக் கட்டினாங்க, எப்படி இருந்தாங்க, எப்படி செத்தாங்க, எல்லாம் இருக்கு. சர்ச் ரிஜிஸ்டர் பக்கம், பழைய போட்டோ எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே ஃபைலா கட்டி இன்டர்நெட்ல போட்டிருக்கேன். விலாசம் பின்பக்கத்துல எழுதியிருக்கேன். பாஸ்வேர்டு அப்பா பேரு, இங்கிலீஷ்ல, சின்ன எழுத்து.

கோயில்ல கல்யாணத்தை அறிவிச்சு முதல் ஓலை படிக்கறதுக்கு முன்னாடி நீங்க அதைப் பாக்கணும் அண்ணா. நீங்க மட்டும். உள்ள என்ன இருக்குன்னு இதுல எழுத மாட்டேன். நம்ம வீட்டுல ஒரு கடிதத்தை ஒருத்தர் மட்டும் படிச்சதா சரித்திரமே இல்ல. சலோமி அக்காவுக்கு இப்போதைக்கு ஒண்ணும் தெரிய வேணாம்.

தங்கச்சி,
ஹெப்சி


ஆம்பூர்
25.9.2002

அன்புள்ள தங்கை ஹெப்சிக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே யாவரும் சுகம். உன் கடிதத்தை நீ சொன்னபடி நான் ஒருவன்தான் படித்தேன். படித்துவிட்டு மேசை டிராயரில் வைத்தேன்.

நிச்சயத்துக்கு உன்னைக் கூப்பிடாதது தப்புதான். ஆனால் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது, ஏன் என்று உனக்கே தெரியும். போன வருஷம் மே மாதம் உன் ஜோனதனுக்கு பொன்மலரைக் கேட்டாய். அத்தை மகன், உரிமை உள்ளவன், சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று போனில் அழுதாய். பொன்மலர் அவ்வளவு தூரம் வரமாட்டேன் என்றாள். நானும் வேண்டாம் என்றேன். அதற்கு நீ பேசின பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது சலோமி அக்கா மகன் ஷாஜினுக்குக் கொடுக்கிறேன். அவனும் அத்தை மகன்தான். உன் மகனுக்குக் கேட்டபோது வராத வம்சாவளி, அக்கா மகன் என்றதும் வருகிறது.

டிசம்பரில் எதற்கு இப்படி அலைகிறாய் என்று கேட்டதற்கு, சும்மா பழைய ஜனங்களைப் பார்க்க என்றாய். அதையும் நான் மறக்கவில்லை.

நான் ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பேப்பர் பார்க்கிற ஆள். ஒரு தாளில் சொல்ல வேண்டியதை ஒருத்தன் பெரிய பெட்டியில் கட்டி, பூட்டுப் போட்டு அனுப்பினால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

இருந்தாலும் போனேன். பைபாஸ் ரோட்டில் அம்பரீன் என்று ஒரு பெண் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறாள். ஃபைல் தொண்ணூறு எம்பி என்று காட்டியது. "இன்னா அங்கிள் இது, சினிமாவா?" என்றாள். வேறு யாரும் லைனைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார வைத்தாள். ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. பாதிகூட வரவில்லை, வெளியே இருந்து யாரோ அந்த நம்பருக்குப் போன் செய்ய, அறுந்துவிட்டது. மறுபடி போட்டால் முதலில் இருந்து ஆரம்பிக்கிறது. விட்ட இடத்தில் இருந்து எடுக்க அவளிடம் ஒரு புரோகிராம் இருந்தது. உன் சைட் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

சொல்ல வேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பு. இல்லாவிட்டால் விட்டுவிடு.

அண்ணன்,
ஞானசீலன்


ஸ்கார்பரோ
8 அக்டோபர் 2002

அண்ணாவுக்கு,

நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவை அழுகை வரல, கோவம்தான் வந்துச்சு.

ஜோனதனுக்காக நான் இதைப் பண்றேன்னு நினைக்கிறீங்க. அவனுக்கு இப்ப நாங்க கல்யாணமே பேசல. அந்தப் பேச்சு முடிஞ்சு போச்சு. அன்னிக்கு நான் ஜாஸ்தியா பேசிட்டேன், இல்லங்கல.

இங்க ஒரு டீ போட்டு எடுக்கறதுக்குள்ள அந்த ஃபைல் இறங்கிடுது. ஊர் லைன் எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியும், நான் வானத்துல இருந்து குதிக்கல. ஆனா ஒரே ஒரு தடவை போய் உக்காந்துட்டு, அறுந்துச்சுன்னு எழுந்து வந்திருக்கீங்க. கம்பெனி கன்டெய்னர் போகாம நின்னா அப்படித்தான் எழுந்து வருவீங்களா?

ஒரு பக்கம் மட்டும் அனுப்புன்னு சொல்றீங்க. அனுப்பினா என்ன சொல்வீங்க? "இவளே உக்காந்து டைப் பண்ணிட்டா"ம்பீங்க. அண்ணியும் அதையேதான் சொல்வாங்க. அதனாலதான் ரிஜிஸ்டர் பக்கத்தோட, பாதிரியார் கையெழுத்தோட, அவங்கவங்க போட்டோவோட போட்டிருக்கேன். ஒண்ணு பக்கத்துல ஒண்ணு வெச்சுப் பாத்தாத்தான் புரியும். தனித்தனியா பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அப்படி தனித்தனியா பாத்துப் பாத்துத்தான் நாம எல்லாரும் இத்தனை வருஷம் ஏமாந்தோம்.

ஜோனதனை விட்டு ஃபைலை சின்னச் சின்னத் துண்டா வெட்டச் சொல்லியிருக்கேன். உங்க கம்பெனி மெயிலுக்கு ஒவ்வொண்ணா அனுப்புறேன். எல்லாம் வந்ததும் ஒட்டிக்கலாம், எப்படின்னு அவன் எழுதியிருக்கான்.

முதல் ஓலை எப்பன்னு நீங்க இன்னும் சொல்லல. வேணும்னே சொல்லலையா?

ஹெப்சி


ஆம்பூர்
24.10.2002

ஹெப்சிக்கு,

உன் துண்டுகள் வந்தன. வந்து செய்ததைக் கேள்.

சனி, ஞாயிறு ஆபீஸ் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டதும் உன் மெயில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்க ஆரம்பித்தது. மத்தியானம் வரை அதுவேதான். கம்பெனியின் மெயில் பெட்டி நிரம்பி, வெளியே இருந்து வந்த மற்ற மெயிலெல்லாம் திரும்பிப் போய்விட்டது. அதில் ஒன்று இத்தாலிக்காரன் அனுப்பியது. பிரவுன் கலரை இன்னும் அடர்த்தியாக்கச் சொல்லி எழுதியிருக்கிறான். எங்களுக்கு அது தெரியாமல் பழைய கலரிலேயே தோலை வெட்டிவிட்டோம்.

முதலாளி ஜியாவுதீன் சாயபு என்னைக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் என்னிடம் குரலை உயர்த்தாதவர். அன்றும் உயர்த்தவில்லை. "ஞானசீலன், உங்க குடும்பம் பெரிய குடும்பம்னு கேள்விப்பட்டிருக்கேன். என் லைன் தாங்காத அளவுக்குப் பெருசுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது" என்றார். பக்கத்தில் கட்டிங் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தான். நான் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் துண்டுகளை ஃப்ளாப்பியில் ஏற்றி அம்பரீனிடம் கொண்டுபோனேன். நடுவில் இரண்டு துண்டைக் காணோம். ஒட்டினால் திறக்கவில்லை. அனுப்பாத துண்டில்தான் விஷயம் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. தோன்றினதைச் சொல்லிவிட்டேன்.

அம்பரீன் ஒன்று கேட்டாள். "ஒரு சிடியில போட்டு கவர்ல அனுப்பினா ஆச்சு. அவங்க ஏன் அனுப்பல?" அதையே நானும் உன்னிடம் கேட்கிறேன். பொன்மலர் பாடம் எடுக்கிற வேலூர் காலேஜில் நல்ல லைன் இருக்கிறது. அவளிடம் சொன்னால் ஒரு நாளில் எடுத்துவிடுவாள். ஆனால் நான் மட்டும் பார்க்க வேண்டும் என்பது உன் கட்டளை. கல்யாணப் பெண்ணுக்குத் தெரியக்கூடாதது அதில் என்ன இருக்கிறது?

ஜோனதனுக்குக் கல்யாணமே பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய். நல்ல வேலையில் இருக்கிற பையனுக்கு ஏன் பேசவில்லை? இது கலையட்டும் என்று காத்திருக்கிறாய் என்கிறாள் உன் அண்ணி கேத்தரின். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவளை மறுத்துப் பேசவும் என்னால் முடியவில்லை.

ஓலை டிசம்பர் கடைசி ஞாயிறு. கல்யாணம் ஜனவரி 22.

ஞானசீலன்


ஸ்கார்பரோ
6 நவம்பர் 2002

அண்ணாவுக்கு,

உங்க கம்பெனியில நடந்ததுக்கு வருத்தப்படுறேன். மனசாரத்தான் சொல்றேன். சாயபு கிட்ட நானே எழுதி மன்னிப்புக் கேக்கட்டுமா?

ஆனா இன்னொண்ணு இருக்கு. அதைக் கேக்காம என்னால இருக்க முடியல.

யார் எப்ப எடுத்தாங்கன்னு அந்த சைட்ல பதிவாகும். எனக்கு அது தெரியாது, ஜோனதன்தான் பாத்துச் சொன்னான். பாதியில நின்னது நிறைய இருக்கு. அது உங்க பிரவுசிங் சென்டர்தான்னு வெச்சுக்கலாம். ஆனா அக்டோபர் முதல் வாரத்துல ஒரு தடவை ஃபைல் முழுசா இறங்கியிருக்கு. இந்தியாவுல இருந்து. பாஸ்வேர்டு நான் உங்களுக்கு மட்டும்தான் கொடுத்தேன். உலகத்துல வேற யாருக்கும் கொடுக்கல.

அப்ப நீங்க அதைப் பாத்துட்டீங்க. பாத்துட்டு, லைன் அறுந்துச்சு, துண்டைக் காணோம், சாயபு திட்டினார்னு எனக்குக் கடிதம் எழுதிட்டிருக்கீங்க. நான் சத்தம் போடுவேன், நீங்க இல்லன்னு சொல்வீங்க, அதுக்குள்ள ஓலை படிச்சு முடிச்சிடலாம். அதானே?

அப்பா சாகும்போதும் இப்படித்தான். டாக்டர் சொன்னதை உங்க மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டு, ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்லன்னு எனக்கு எழுதினீங்க. நான் வந்து சேந்தப்ப பெட்டிய மூடிட்டாங்க.

சிடி கேட்டீங்க. முதல்லயே அனுப்பியிருக்கணும், வழியில யார் பிரிப்பாங்களோன்னு பயந்தேன். இதோட வெச்சிருக்கேன். இனிமே லைன் மேல பழி போட முடியாது.

ஹெப்சி


ஆம்பூர்
20.11.2002

ஹெப்சிக்கு,

கவரைப் பிரித்தபோது சிடி இரண்டாகப் பிளந்து கிடந்தது. மெல்லிய கவரில் அட்டைகூட வைக்காமல் அனுப்பியிருக்கிறாய். இதற்கும் நான்தான் காரணம் என்று எழுதுவாய் என்பதால் அந்த உடைந்த துண்டில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன்.

ஃபைலை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உனக்குப் பயந்து மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. முழுசாக இறங்கியது என்று உன் மகன் சொல்கிறான், நீ நம்புகிறாய். உன் அண்ணன் இறங்கவில்லை என்கிறேன், அதை நம்பவில்லை. அப்பா விஷயத்தை இப்போது இழுத்திருக்க வேண்டாம். உனக்கு அப்போது நைட் ட்யூட்டி, கையில் சின்னப் பிள்ளை. பயப்படுத்தக்கூடாது என்று நினைத்தேன். அது குற்றம் என்றால் குற்றமாகவே இருக்கட்டும்.

பத்திரிகை அடித்தாகிவிட்டது. வாலாஜாபேட்டையில் சலோமி அக்கா மண்டபத்துக்குச் சொல்லிவிட்டார்கள். ஷாஜின் போன ஞாயிறு வந்திருந்தான். சாப்பிட்டதும், பொழுது சாயும் முன்னால் கிளம்புகிறேன் என்று அவசரப்பட்டான். நல்ல பையன், ஊர் சுற்றுகிற புத்தி இல்லை என்று கேத்தரினுக்கு சந்தோஷம்.

இனி இந்த ஃபைல் பேச்சு வேண்டாம். என்னவோ இருக்கிறது, இருக்கிறது என்று மூன்று மாதமாகச் சொல்கிறாய். இருப்பதை உன் வாயால் சொல்ல உனக்குத் தைரியம் இல்லை. அதனால் இல்லை என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஞானசீலன்


ஸ்கார்பரோ
2 டிசம்பர் 2002

அண்ணா,

ஃபைல் வேணாம். நானே எழுதுறேன். யார் படிச்சாலும் படிக்கட்டும்.

ஜோனதனுக்குக் கண்ணு போயிட்டிருக்கு.

போன வருஷம் அக்டோபர்ல ஒரு நாள், இருட்டற நேரத்துல கார் ஓட்டிட்டு வந்தவன் ஒரு சைக்கிள்காரரை இடிச்சுட்டான். பெரிய அடி இல்ல. "மம்மி, அந்த ஆள் அங்க இருந்ததே எனக்குத் தெரியல"ன்னான். கண்ணாடி மாத்தினா சரியாப் போகும்னு நினைச்சுத்தான் டாக்டர் கிட்ட போனோம். கண்ணுக்கு உள்ள இருக்கற படலம் ஓரத்துல இருந்து காஞ்சுட்டு வருதாம். முதல்ல இருட்டுல தெரியாது. அப்புறம் பக்கவாட்டுல தெரியாது. கடைசியில ஒரு குழாய் வழியா பாக்குற மாதிரி ஆயிடும். அதுவும் மூடிப்போகலாம். மருந்து கிடையாது. நானே நர்ஸ், எத்தனையோ பேருக்கு இந்த மாதிரி சேதி சொல்லும்போது பக்கத்துல நின்னிருக்கேன். அன்னிக்கு அதைக் கேக்கற நாற்காலியில நான்.

டாக்டர், "உங்க குடும்பத்துல வேற யாருக்கு இருக்கு?"ன்னார். யாருக்கும் இல்லன்னேன். நான் பொய் சொல்லல அண்ணா, எனக்கு அப்படித்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். பாக்கியநாதன் சித்தப்பா கிணத்துல விழுந்து செத்தாரே, குடிச்சுட்டு விழுந்தார்னுதானே சொல்வாங்க? அவர் குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்ல. ஆலங்காயம் அத்தை சாயந்தரம் ஜெபக்கூட்டத்துக்கு வரவே மாட்டாங்க. திமிர் பிடிச்சவங்கன்னு பேரு. அப்பாவோட பெரியப்பா, ராத்திரி ஊர் ஊரா போய் உபதேசம் பண்ற வேலைய விட்டுட்டார், பேய்க்குப் பயந்தவர்னு சிரிப்பாங்க. குடிகாரர், திமிர் பிடிச்சவ, கோழை. மூணு பேருக்கும் ஒரே வியாதி. இருட்டினா கண்ணு தெரியல, அவ்ளோதான். அதை வெளிய சொல்ல வெக்கப்பட்டு அந்தக் கெட்ட பேரையே வாங்கிட்டுப் போயிட்டாங்க. இதைத் தெரிஞ்சுக்கத்தான் போன டிசம்பர்ல அலைஞ்சேன்.

அப்பா, அம்மா ரெண்டு பக்கத்துலயும் இந்த ரத்தம் இருந்தா பிள்ளைக்கு வருமாம். நான் கட்டினவர் நம்ம சொந்தம். சலோமி அக்கா கட்டினவரும் சொந்தம். அண்ணி மட்டும்தான் வெளிய இருந்து வந்தவங்க, அதனால பொன்மலருக்கு வராது. ஆனா உங்க வழியா அவ கிட்ட அது சத்தமில்லாம இருக்கலாம். ஷாஜின் கிட்டயும் இருந்தா, அவங்களுக்குப் பிறக்கற பிள்ளைக்கும் இது வரலாம்.

போன வருஷம் மே மாசம் உங்க பொண்ணைக் கேட்டப்ப எனக்கு இது எதுவும் தெரியாது. நீங்க மாட்டேன்னது நல்லதாப் போச்சு. அதுக்கு உங்களைத் திட்டினவ நான்.

ஏன் முதல்லயே சொல்லலன்னு கேப்பீங்க. சொன்னா ஊரே பேசும். அவனைப் பாக்குற பார்வையே மாறிப்போகும். வேலையில தெரிஞ்சா என்ன ஆகுமோன்னு பயம். ஃபைலைப் பாத்து நீங்களே புரிஞ்சுக்கிட்டா, என் பிள்ளை பேரை நான் வாய்விட்டுச் சொல்ல வேணாமேன்னு நினைச்சேன்.

"பொழுது சாயும் முன்னால் கிளம்பினான்"னு ஷாஜினைப் பத்தி எழுதியிருக்கீங்க. அந்த வரிக்கு மேல என்னால படிக்க முடியல.

ஹெப்சி


ஆம்பூர்
19.12.2002

அன்புள்ள ஹெப்சிக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனியில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு தோல் காயப்போடுகிற கொட்டகைப் பக்கம் போய்த் தனியாக நின்றேன். எனக்குப் பாக்கியநாதன் சித்தப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். பொழுது சாய்ந்தால் அவர் ஒவ்வொரு படியிலும் காலை நீட்டித் தடவிப் பார்த்துத்தான் இறங்குவார். நானும் சலோமி அக்காவும் அவருக்குப் பின்னால் அதே மாதிரி நடந்து காட்டிச் சிரிப்போம்.

ஜோனதனைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று மாதமாக நான் உனக்கு எழுதின ஒவ்வொரு வரியும் என்னைக் குத்துகிறது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். அன்று சாயந்தரம் பொன்மலரை உட்கார வைத்து உன் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் பாதி படித்துவிட்டு, "தெரியும்பா. அந்த ஃபைலை எடுத்தது நான்தான்" என்றாள்.

உன் முதல் கடிதத்தை டிராயரில் வைத்தேன் என்று எழுதினேன் அல்லவா? கரண்ட் பில் தேடினவள் கண்ணில் பட்டிருக்கிறது. விலாசம் இருந்தது, பாஸ்வேர்டும் இருந்தது. காலேஜ் லேபில் உட்கார்ந்து எடுத்துவிட்டாள். ஆகவே உன் மகன் சொன்னது நிஜம். நான் சொன்னதும் நிஜம்.

அதைப் பார்த்த பிறகு அவள் ஷாஜினை கவனிக்க ஆரம்பித்திருக்கிறாள். இருட்டினால் அவன் பைக்கை வேறு யாரிடமாவது கொடுத்து ஓட்டச் சொல்கிறான். அவனையே நேரில் கேட்டிருக்கிறாள். இல்லவே இல்லை என்றானாம். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டிருக்கிறாள். அப்போதும் இல்லை என்றான். போன வாரம் வாலாஜாபேட்டையில், விளக்கு இல்லாத ஒரு சந்து வழியாக அவனை நடந்து வரச் சொல்லியிருக்கிறாள். அவன் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டே வந்தானாம். சந்து முடிகிற இடத்தில் ஒத்துக்கொண்டான். இரண்டு வருஷம் முன்பே வேலூரில் காட்டியிருக்கிறான். வியாதியின் பேர் வரை தெரியும். கல்யாணம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தானாம்.

"கல்யாணம் வேணாம்பா" என்றாள். கண்ணு காரணமாகவா என்றேன்.

"கண்ணு தெரியலன்னா நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன். ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் என் மூஞ்சியப் பாத்து இல்லன்னான்."

நீயும்தான் இரண்டு மாதமாக என்னிடம் சொல்லவில்லையே என்று கேட்டேன். "அவனே சொல்லட்டும்னு பாத்தேன். நீங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்கீங்க. சின்னத்தைக்குச் சொல்ல முடியல. உங்களுக்குப் பாக்க மனசில்ல. அவனுக்கு ரெண்டும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. நான் நினைத்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அம்பரீன் கடையில் உட்கார்ந்து அதை இறக்கியிருக்கலாம். லைன் அறுந்தபோதெல்லாம் உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

நேற்று நானும் கேத்தரினும் வாலாஜாபேட்டை போய் கல்யாணத்தை நிறுத்தினோம். காரணம் சொல்ல வாயைத் திறந்தேன். அக்காவுக்குப் பின்னால் நின்ற ஷாஜின் வேண்டாம் என்று தலையை அசைத்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல வரவில்லை. பொன்மலருக்கு இஷ்டமில்லை என்று மட்டும் சொன்னேன்.

சலோமி அக்கா என்னைப் பார்த்து, "ஹெப்சி ஜெயிச்சுட்டா இல்ல?" என்றார்கள். "கனடா மாப்பிள்ளை வந்ததும் வாலாஜாபேட்டை மாப்பிள்ளை வேணாம். அதை நேரா சொல்லியிருக்கலாம்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்கள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஞானசீலன்


ஸ்கார்பரோ
2 ஜனவரி 2003

அண்ணா,

கிறிஸ்மஸ் அன்னிக்கு சலோமி அக்காவுக்கு போன் பண்ணேன். என் குரலைக் கேட்டதும், "பொண்ணை எப்ப கூட்டிட்டுப் போறே?"ன்னாங்க. இல்லக்கான்னு சொல்றதுக்குள்ள வெச்சுட்டாங்க. மறுபடி பண்ணேன், யாரும் எடுக்கல.

பொன்மலர் சொன்னதை அப்படியே எழுதினதுல இருந்து உங்களுக்குக் கோவம் வரலன்னு தெரியுது. எனக்கு ரெண்டு நாள் வந்துச்சு. அப்புறம் போயிடுச்சு. அவ கேட்ட மாதிரி நம்ம வீட்டுல யாரும் யாரையும் கேட்டதில்ல.

அக்காவுக்கு நாம சொல்லக்கூடாது. நீங்க சொன்னா கல்யாணத்தை நிறுத்த நீங்க கட்டின கதைம்பாங்க. நான் சொன்னா, கேக்கவே வேணாம். ஷாஜின் சொல்லணும். அவனை யாரும் மிரட்டவும் வேணாம். ஜோனதன் அவனுக்கு மெயில் அனுப்பியிருக்கான். என்ன எழுதினான்னு என் கிட்ட சொல்லல, நானும் கேக்கல. அங்க இருந்து பதில் வந்திருக்கு. நேத்து மறுபடி இவன் எழுதிட்டிருந்தான். இதெல்லாம் ரெண்டு ரெண்டு வரிதான், அது எந்த லைன்லயும் போயிடும்.

இவன் இப்ப பஸ்லதான் வேலைக்குப் போறான். கார் சாவிய அவனே கொண்டு வந்து என் கையில கொடுத்துட்டான். வேலையிலயும் சொல்லிட்டான். நான் பயந்த மாதிரி ஒண்ணும் நடக்கல. அவன் மேசைக்கு ஒரு பெரிய விளக்கு வாங்கி வெச்சாங்களாம்.

உடைஞ்ச சிடித் துண்டை நான் தூக்கிப் போட்டுட்டேன்.

ஹெப்சி


ஆம்பூர்
9.2.2003

அன்புள்ள ஹெப்சிக்கு,

நேற்றுக் காலை சலோமி அக்கா வந்தார்கள். தனியாகத்தான் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் இருந்து வெயிலில் நடந்து வந்து, வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேரே உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கேத்தரின் காபி கொண்டுவந்தாள். குடித்தார்கள். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உயிர் வந்தது.

ஷாஜின் சொல்லிவிட்டானாம். வியாழக்கிழமை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னானாம்.

பொன்மலரைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்கள். "உனக்கு எப்ப தெரியும்?" என்றார்கள்.

"அக்டோபர்ல இருந்து சந்தேகம் அத்தை. டிசம்பர்லதான் அவரே சொன்னார்."

"ஹெப்சிக்கு அதுக்கு முன்னாடியே சந்தேகம். உங்க அப்பனுக்கு டிசம்பர்ல தெரியும். உங்க அம்மாவுக்கும் தெரியும். கனடாவுல இருக்கற பையனுக்கும் தெரியும். பெத்தவ நான், எனக்கு வியாழக்கிழமை தெரியுது."

அக்கா காலி டம்ளரைத் தள்ளி வைத்தார்கள்.

"ஏன் அம்மா கிட்ட சொல்லலன்னு அவனை நீ கேட்டியா?"

"கேட்டேன் அத்தை. அம்மா தாங்க மாட்டாங்கன்னார்."

"தாங்குவேனா மாட்டேனான்னு என்னை ஒருத்தரும் கேக்கல" என்றார்கள். அவர்கள் அழவில்லை, அழுதது கேத்தரின்தான். நான் சித்தப்பா மாதிரி நடந்து காட்டினதை நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தேன். அக்காவுக்கும் அந்த ஞாபகம் வந்திருக்கும். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிறகு, ஷாஜின் சொன்னானே, அந்த ஃபைலைக் காட்டு என்றார்கள். பொன்மலர் அதை காலேஜில் சிடியில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்துத் தெருவில் அவள் தோழி வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டாள். நானும் அன்றுதான் முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன் என்றால் நம்புவாயா? கிளை கிளையாகப் பேர்கள், ஒவ்வொரு பேருக்கும் ஒரு கட்டம், நோய் வந்தவர்களுக்கு மட்டும் கட்டம் கறுப்பு. சித்தப்பா கறுப்பு. ஆலங்காயம் அத்தை கறுப்பு. உனக்குக் கீழே ஜோனதன் கறுப்பு. நீ அதைப் போடும்போது எப்படி இருந்தாயோ என்று நினைத்தேன்.

அக்கா ஒவ்வொரு பேராக விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்து தன் பேருக்குக் கீழே நிறுத்தினார்கள்.

"ஷாஜின் கட்டம் ஏன் வெள்ளையா இருக்கு?"

அதைப் போட்டபோது ஹெப்சிக்குத் தெரியாது என்றேன்.

"கறுப்பு போடச் சொல்லு. நான் சொன்னேன்னு எழுது."

அக்கா, மத்தவங்க பாப்பாங்க என்றேன். "பாக்கட்டும்னுதான் சொல்றேன். ஆலங்காயத்துல மூணு வீட்டுல கல்யாண வயசுல பிள்ளைங்க இருக்கு, எல்லாம் சொந்தத்துக்குள்ளயே பேசிட்டிருக்காங்க. அவங்களுக்கு யார் போய் சொல்றது? நீ சொல்வியா? மூணு மாசம் லைன் இல்லன்னு உக்காந்திருந்தவன் நீ. நானே கொண்டுபோறேன்" என்றார்கள்.

ஆகவே திருத்தி அனுப்பு. போட்டோ, ரிஜிஸ்டர் பக்கம் எதுவும் வேண்டாம். பேரும் கட்டமும் இருந்தால் போதும், அக்கா வாயால் சொல்லும்போது அதற்குமேல் அத்தாட்சி யாரும் கேட்க மாட்டார்கள். சின்னதாக இருந்தால் அம்பரீன் கடையிலேயே எடுத்து பிரின்ட் போட்டுக்கொள்வேன். மார்ச் முதல் ஞாயிறு அக்கா ஆலங்காயம் போகிறார்கள். ஷாஜின் கூடப் போகிறான். காலையில் போய் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும் என்று அக்கா அவனிடம் எங்கள் எல்லார் முன்னாலும் போனில் சொன்னார்கள்.

உன் அண்ணன்,
ஞானசீலன்